காயலான் கடை எஞ்சினும் அரை மில்லிமீட்டரும்

1999-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பிக்கப் டிரக்குகளுக்கென ஒரு புது எஞ்சினைக் கொண்டுவந்தது. வார்ப்பிரும்பு பிளாக், ‘வி’ வடிவில் எட்டு சிலிண்டர், 5.3 லிட்டர் கொள்ளளவு. செவர்லே சில்வராடோ, ஜிஎம்சி சியரா, டாஹோ, சபர்பன் என்று மரம் ஏற்றவும் படகு இழுக்கவும் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் அமெரிக்கக் குடும்பங்கள் வாங்கிய வண்டிகளில் இந்த எஞ்சினோ இதன் 4.8 லிட்டர் தம்பியோ லட்சக்கணக்கில் பொருத்தப்பட்டன. பந்தயத்தை மனதில் வைத்து யாரும் இதைச் செய்யவில்லை. மூட்டை சுமக்க வேண்டும், பழுதில்லாமல் பல ஆண்டு ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வண்டிகளுக்கு வயதாகிவிட்டது. வட மாநிலங்களில் பனியைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பு அடிச்சட்டத்தை அரித்துத் தின்றுவிடும். சட்டம் உளுத்துப்போனாலும் எஞ்சின் நன்றாகவே இருக்கும். அப்படித்தான் இவை காயலான் கடைகளில் வந்து குவிந்தன. சில நூறு டாலருக்கு ஒன்றைக் கழற்றி எடுத்துவந்து, வீட்டுக் கொட்டகையில் பிரித்துப் போட்டு, டர்போ மாட்டி ஓட்டுவது அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இதன் திறன் 270 முதல் 295 குதிரைத்திறன். டர்போ பூட்டியதும் 500, 600 என்று போகிறது. ‘ஹாட் ராட்’ இதழுக்காக ரிச்சர்ட் ஹோல்டெனர் நடத்திய ஒரு சோதனையில், பழைய எஞ்சின் ஒன்றின் கிராங்க், கனெக்டிங் ராட், பிஸ்டன் எதையும் மாற்றாமல் இரண்டு டர்போ பூட்டி 1000 குதிரைத்திறனையும் தாண்டினார்கள். கேம் ஷாஃப்டையும் வால்வு ஸ்பிரிங்கையும் மாற்றினார்கள். எஞ்சினுக்குள்ளே, பிஸ்டன் ரிங்குகளின் முனைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைக் கொஞ்சம் அதிகமாக்கினார்கள்.

அதே எஞ்சினை அதே மாதிரி காயலான் கடையில் வாங்கி, 450 குதிரைத்திறனிலேயே பிஸ்டனை உடைத்துக்கொண்டவர்களும் ஏராளம். உலோகம் ஒன்றுதான், வார்த்த ஆலையும் ஒன்றுதான். அப்படியென்றால் எஞ்சினைக் காப்பதும் கெடுப்பதும் உலோகத்தின் வலிமை மட்டுமல்ல. வெப்பம் எங்கே சேர்கிறது, அந்த வெப்பத்தில் விரியும் பாகத்துக்கு இடம் இருக்கிறதா என்பதே பெரும்பாலும் முடிவு செய்கிறது. கையில் கொஞ்சம் பணத்தை வைத்துக்கொண்டு எஞ்சின் கட்டுகிறவர் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எஞ்சினின் திறன் அது எவ்வளவு காற்றை விழுங்குகிறது என்பதைப் பொறுத்தது. பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். சாதாரண எஞ்சின் வெளியே இருக்கும் வளிமண்டல அழுத்தத்தை நம்பித்தான் காற்றை உள்ளே இழுக்கிறது. டர்போ, புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் சூடான வாயுவால் ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் பூச்சி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

காற்றை அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் இது தெரியும். எவ்வளவு சூடாகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உறைக்கும். வெளிக்காற்று 27 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். 10 பிஎஸ்ஐ பூஸ்ட், அதாவது ஏறத்தாழ 0.7 பார் கூடுதல் அழுத்தம். காற்றின் அழுத்தம் 1.7 மடங்காகிறது. காற்றை அழுத்தும் அந்தச் சக்கரத்தின், அதாவது கம்ப்ரஸரின், செயல்திறன் 70 சதவீதம் என்றால், வெளியே வரும் காற்றின் வெப்பநிலை கிட்டத்தட்ட 96 டிகிரி. சூடான காற்று விரிந்திருக்கும் என்பதால், அழுத்தம் 1.7 மடங்கானாலும் அடர்த்தி 1.37 மடங்குதான் கூடியிருக்கும். அந்தக் காற்றை ஒரு இன்டர்கூலர் வழியே அனுப்பி 47 டிகிரிக்கு இறக்கிவிட்டால் அடர்த்தி 1.58 மடங்காகிறது. பூஸ்டைக் கூட்டவே இல்லை. ஆனாலும் சிலிண்டருக்குள் போகும் காற்று சுமார் 15 சதவீதம் அதிகமாகிவிட்டது. நசுங்கிய லாரியிலிருந்து கழற்றிய பழைய இன்டர்கூலராக இருந்தாலும் போதும், எஞ்சினுக்குச் செய்யும் செலவில் இதைப்போல் பலன் தருவது வேறில்லை.

கூடுதல் காற்று ஒரு லாபம். அதைவிடப் பெரிய லாபம், நாக்கிங் தள்ளிப்போவது.

சிலிண்டருக்குள் நடப்பது வெடிப்பு அல்ல, எரிதல். ஸ்பார்க் பிளக்கில் தொடங்கும் தீ, கலவையைத் தின்றுகொண்டே சிலிண்டரின் ஓரம் வரை பரவுகிறது. அது பரவப் பரவ அழுத்தம் ஏறும். இன்னும் தீ தொடாத ஓரத்துக் கலவை மேலும் நசுக்கப்பட்டுச் சூடாகும். அந்தச் சூடு எல்லை மீறினால், தீ வந்து சேரும் முன்பே அது முழுதும் ஒரே நொடியில் தானாகப் பற்றிக்கொள்ளும். அப்போது எழும் அழுத்த அலை சிலிண்டரின் குறுக்கே மோதி மோதித் திரும்புகிறது. 5.3 எஞ்சினின் சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர். அந்த அளவுக்கும் உள்ளே இருக்கும் சூட்டுக்கும் அலை நொடிக்கு ஏறத்தாழ 6000 முறை அதிரும். நமக்குக் கேட்கும் ‘கிண் கிண்’ சத்தம், அதாவது நாக்கிங், அதுதான். இந்த எஞ்சினில் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில், இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில், இரண்டு நாக் சென்சார்கள் அந்த அதிர்வுக்காகக் காது கொடுத்துக்கொண்டே இருக்கும்.

நாக்கிங் செய்யும் கெடுதல் சத்தத்தோடு நிற்பதில்லை. எரியும் வாயுவுக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே, மெல்லிய வாயுப் படலம் ஒன்று ஒட்டிக்கொண்டு பிஸ்டனைச் சூட்டிலிருந்து காக்கிறது. அதிரும் அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடும். உடனே பிஸ்டனுக்குள் பாயும் வெப்பம் பலமடங்காகிறது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே தன் வலிமையில் பெரும்பகுதியை இழந்துவிடும்.

இதைக் கார் ஆலைகளே பட்டுத் தெரிந்துகொண்டன. 1962-இல் ஜெனரல் மோட்டார்ஸின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு ‘ஜெட்ஃபயர்’ என்ற காரை டர்போவோடு விற்றது. சாலையில் விற்பனைக்கு வந்த முதல் டர்போ கார்களில் அது ஒன்று. அதன் கம்ப்ரஷன் விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது, 10.25. டர்போவுக்கு அது மிக அதிகம். நாக்கிங்கை அடக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றைத் தனித் தொட்டியில் வைத்து, பூஸ்ட் வரும்போது காற்றோடு பீய்ச்சினார்கள். ஆவியாகும் திரவம் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அறிவியல் சரிதான். ஆனால் வாங்கியவர்களில் பலர் தொட்டியை நிரப்ப மறந்தார்கள், வண்டி மக்கர் செய்தது. கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு கார்புரேட்டர் வைத்துக் கொடுத்தார்கள்.

5.3 எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 9.5. டர்போவுக்கு இது தோதான எண். இன்று கொட்டகையில் எஞ்சின் கட்டுபவர்கள் ஜெட்ஃபயரின் திரவத்துக்குப் பதில், சில அமெரிக்க பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் இ85 எரிபொருளை நாடுகிறார்கள். அதில் பெரும்பகுதி எத்தனால். அதே காற்றை எரிக்க அது பெட்ரோலைவிட எடையில் ஒன்றரை மடங்கு வேண்டும். ஒவ்வொரு கிலோவும் ஆவியாகும்போது உறிஞ்சும் வெப்பமும் இரண்டு மடங்குக்கு மேல். இரண்டையும் பெருக்கினால், உள்ளே போகும் காற்றுக்குக் கிடைக்கும் குளிர்ச்சி பெட்ரோலில் கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு. இன்ஜெக்டரும் எரிபொருள் பம்பும் பெரிதாக வேண்டும், அது ஒரு செலவு. அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கும் ராடுக்கும் ஆயிரம் டாலருக்கு மேல் கொடுப்பதைவிட அந்தச் செலவு எவ்வளவோ மேல்.

இனி அந்த ரிங் விஷயத்துக்கு வருவோம்.

பிஸ்டனைச் சுற்றி மேல் வரிப்பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் ரிங் முழு வட்டம் அல்ல. ஓரிடத்தில் வெட்டப்பட்டிருக்கும். சூட்டில் உலோகம் நீளும் என்பதற்காக, தண்டவாளத்தில் விடுவதைப்போல அங்கே சிறு இடைவெளி. இந்த எஞ்சினில் மேல் ரிங்குக்குத் தொழிற்சாலை விட்டிருக்கும் இடைவெளி பொதுவாக 0.25 மில்லிமீட்டருக்கும் 0.45 மில்லிமீட்டருக்கும் நடுவில். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது பொருத்தம்.

இப்போது கணக்கு. சிலிண்டர் விட்டம் 96 மில்லிமீட்டர் என்றால் ரிங்கின் சுற்றளவு ஏறத்தாழ 301 மில்லிமீட்டர். இரும்பு ஒவ்வொரு டிகிரிக்கும் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 11 பங்கு நீளும். குளிர்நீர் சுற்றும் சிலிண்டர் சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், அது நீளும் அளவு 0.33 மில்லிமீட்டர். தொழிற்சாலை விட்ட இடைவெளி 0.30 தான் என்றால் கதை முடிந்தது. ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொள்ளும். அதற்குமேல் நீள இடமில்லை. ரிங் வெளிப்பக்கமாகச் சிலிண்டர் சுவரை நெரிக்கும், சுவரோடு பிடித்துக்கொள்ளும். பிஸ்டனோ நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நின்றுவிட்ட ரிங்குக்கும் ஓடும் பிஸ்டனுக்கும் நடுவில் அகப்படுவது பிஸ்டனின் மேல் விளிம்பு. வார்ப்பு அலுமினியமான அது பிய்ந்து வந்துவிடும்.

பிஸ்டனைப் பிரித்து எடுத்தவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘பிஸ்டன் பலவீனம், ஃபோர்ஜ்டு போட்டிருக்கணும்’ என்று தீர்ப்புச் சொல்வார்கள். ரிங்கின் முனைகளைப் பார்த்தால் உண்மை தெரியும். முட்டிக்கொண்ட முனைகள் பளபளவென்று தேய்ந்திருக்கும். எத்தனை நல்ல பிஸ்டன்கள் இந்தத் தவறான தீர்ப்பால் பழி சுமந்திருக்கின்றன!

ஆகவே டர்போவுக்காக எஞ்சினைக் கட்டும்போது மேல் ரிங்கின் இடைவெளியை 0.6 மில்லிமீட்டருக்கோ அதற்குச் சற்று மேலோ கொண்டுபோகிறார்கள். இரண்டாவது ரிங்குக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம் விடுகிறார்கள். மேல் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு நடுவில் தேங்கி, அதைக் கீழிருந்து தூக்கிவிடக் கூடாது என்பதற்காக. ‘இவ்வளவு விட்டால் கம்ப்ரஷன் கசியாதா?’ என்று கேட்பவர்கள் உண்டு. எஞ்சின் சூடாகி பூஸ்டில் ஓடும்போது அந்த இடைவெளியில் பாதி மூடிக்கொள்ளும். குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கொஞ்சம் கசியலாம், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதற்கு வேண்டியது ஒரு ஃபீலர் கேஜும், கையால் சுற்றும் சிறு ரிங் ஃபைலரும், ஒரு நாள் பொறுமையும். ரிங்கைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து ஒரு அங்குலம் கீழே தள்ளினால் ரிங் கோணாமல் சமமாக உட்காரும். இடைவெளியில் கேஜ் தகட்டை நுழைத்து அளக்க வேண்டும். பிறகு வெளியே எடுத்து, ஒரு முனையை மட்டும், வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி ராவ வேண்டும். உள்ளிருந்து வெளியே ராவினால் ரிங்கின் முகத்தில் பூசிய படிவம் பெயர்ந்துவிடும். ராவிய விளிம்பில் நிற்கும் பிசிறை மெல்லிய கல்லால் தொட்டு எடுத்து, மறுபடி உள்ளே விட்டு, மறுபடி அளந்து... எட்டு சிலிண்டருக்கு இரண்டிரண்டாகப் பதினாறு ரிங். ஒவ்வொன்றும் அதனதன் சிலிண்டருக்கே அளந்தது என்பதால் எண் எழுதி வைக்காவிட்டால் உழைப்பு வீண். அவசரத்தில் கூடுதலாக ராவிவிட்டால் இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது.

அதற்கு முன் சிலிண்டரை அளந்திருக்க வேண்டும். மேலும் கீழும், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் போர் கேஜை விட்டுப் பார்த்து, தேய்மானம் வரம்புக்குள் இருந்தால் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் போரிங் தேவையில்லை. போரிங் செய்தால் புதுப் பிஸ்டன் வாங்க வேண்டும், பட்ஜெட் அங்கேயே கவிழ்ந்துவிடும். மிகப் பல 5.3 எஞ்சின்களில், இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய பிறகும், ஆலையில் போட்ட குறுக்குக் கோடுகள் சுவரில் தெரியும். அப்படியிருந்தால் உராய்வுக் கல்லால் சுவரைத் தேய்க்கும் லேசான ஹோனிங் போதும். ஹோன் செய்த பிறகு மண்ணெண்ணெயில் துடைப்பது பலரின் பழக்கம். அது தவறு. உராய்வுக் கல்லின் பொடியை எண்ணெய் இன்னும் உள்ளே அப்பிவிடும். வெந்நீரும் சோப்பும் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் துணியில் சாம்பல் நிறம் ஏறவே கூடாது. ஏறினால் மறுபடி கழுவ வேண்டும். கழுவியதும் எண்ணெய் பூசாமல் விட்டால் சில நிமிடத்திலேயே துரு பிடித்துவிடும்.

கனெக்டிங் ராடைப் பற்றிய பயம் இன்னொன்று. பூஸ்ட் ஏறினால் ராட் முறியும் என்று பலரும் நினைக்கிறார்கள். ராடை இழுத்துப் பிய்க்கப் பார்ப்பது பூஸ்ட் அல்ல, வேகம். பிஸ்டன் உச்சிக்கு ஏறி நின்று திரும்பும் கணத்தில், மேலே பறக்கத் துடிக்கும் அதன் எடையைக் கீழே இழுத்துப் பிடிப்பது ராட்தான். பிஸ்டனும் அதோடு சேர்ந்து அசையும் பகுதியும் முக்கால் கிலோ என்று வைத்துக்கொண்டால், 6000 ஆர்பிஎம்மில் இந்த எஞ்சினின் ராட் தாங்கும் இழுவிசை சுமார் 1.8 டன். 7000 ஆர்பிஎம்மில் கிட்டத்தட்ட 2.5 டன். வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. பூஸ்ட் எவ்வளவு இருந்தாலும் இந்த எண் மாறாது.

பூஸ்ட் கூட்டுவது அமுக்குவிசையை. 96 மில்லிமீட்டர் பிஸ்டனின் பரப்பு 72 சதுர சென்டிமீட்டர். உச்ச அழுத்தம் 100 பார் என்றால் ராடின் தலையில் 7 டன்னுக்கு மேல் இறங்கும். பொடி உலோகத்தை அச்சில் அழுத்தி அடித்துச் செய்த இதன் ராட், சரியான நேரத்தில் வரும் அந்தச் சுமையைத் தாங்குகிறது. ஆபத்து இருப்பது குறைந்த வேகத்தில் முழு பூஸ்ட் ஏற்றும்போது. அதிவேகத்தில் பிஸ்டனின் எடை மேல்நோக்கி இழுப்பது அமுக்குவிசையில் ஒரு பங்கைக் கழித்துவிடும். 2500 ஆர்பிஎம்மில் அந்தக் கழிவு கிடைக்காது. அழுத்தம் தங்கும் நேரமும் அதிகம். ராட் வளைவது பெரும்பாலும் அங்கேதான். அதனால்தான் சற்றுப் பெரிய டர்போவைப் போட்டு, பூஸ்ட் மெதுவாக, 3500-க்கு மேல் ஏறும்படி விடுபவர்களின் எஞ்சின்கள் நீடிக்கின்றன. சீக்கிரம் ஏறும் சின்ன டர்போ ஓட்டுவதற்கு இன்பமாக இருக்கும், ராடுக்கு அல்ல.

மிச்சச் செலவில் நான் முதலில் வைப்பது சில டாலர் பெறாத ஒரு ரப்பர் வளையத்தை. ஆயில் பம்புக்கும் சம்ப்பிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாய்க்கும் நடுவே உள்ள ஓ-ரிங் அது. இந்த எஞ்சினில் அது காய்ந்து வெடிப்பதும், பொருத்தும்போது நசுங்குவதும் எல்லாரும் அறிந்த நோய். அந்தப் பிளவு வழியே பம்ப் ஆயிலோடு காற்றையும் உறிஞ்சும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே இருக்க வேண்டிய ஆயில் படலம் 0.05 மில்லிமீட்டர் அளவு இடத்தில் நிற்கிறது, அதில் காற்றுக் குமிழி வந்தால் உலோகம் உலோகத்தைத் தொடும்.

வால்வு ஸ்பிரிங்கையும் விட்டுவிடக் கூடாது. இன்டேக் வால்வின் விட்டம் 48 மில்லிமீட்டர். 0.7 பார் பூஸ்ட் அதன் முதுகில் தரும் அழுத்தம் 12 கிலோவுக்கு மேல், எந்நேரமும் அதைத் திறக்கப் பார்க்கிறது. களைத்துப்போன பழைய ஸ்பிரிங் வால்வை மூடிவைக்கத் திணறும். கார்வெட் இஸட்06-இல் வந்த எல்எஸ்6 எஞ்சினின் ஸ்பிரிங் இதற்கு அப்படியே பொருந்தும், விலையும் குறைவு. ஹெட் போல்ட்டுகள் ஒருமுறை இறுக்கும்போதே நீண்டுகொடுக்கும் வகை. பழையதைத் திரும்பப் போட்டால், 7 டன் மேலே தள்ளும்போது ஹெட் தூக்கிக் கேஸ்கெட் போய்விடும். ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியைப் பாதியாகக் குறைக்க வேண்டும். அடர்ந்த வாயுவில் மின்பொறி தாண்டுவது கடினம். இதற்குக் காசே வேண்டாம். மேனிஃபோல்டுக்கும் புதுச் செலவு தேவையில்லை. டிரக்கின் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டையே முன்பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டு, அதில் டர்போவைப் பூட்டிவிடுகிறார்கள். அழகாக இருக்காது, ஆனால் வெடிக்காது.

கட்டி முடித்த எஞ்சினை ஓட்டிச் சரிபார்ப்பதில் பணத்தை மிச்சம் பிடிப்பவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். புகைக்குழாயில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இல்லாமல் பூஸ்ட் ஏற்றவே கூடாது. எரிபொருள் குறைந்தால் அந்த நொடியே அது காட்டிக்கொடுக்கும். அடுத்தது ஸ்பார்க்கின் நேரம். எரிதலின் உச்ச அழுத்தம், பிஸ்டன் உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 15 பாகை இறங்கிய பிறகு வந்தால் கிராங்கைத் திருப்பும் பலன் அதிகம். அடர்ந்த கலவை வேகமாக எரிவதால் பூஸ்ட் கூடக் கூட ஸ்பார்க்கைத் தாமதப்படுத்த வேண்டும். குறைந்த பாகையில் தொடங்கி, திறனை அளக்கும் டைனோவில் ஒவ்வொரு பாகையாகக் கூட்டிக்கொண்டே போய், திறன் ஏறுவது நின்றதும் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் கூட்டினால் கிடைப்பது வெப்பம் மட்டும்.

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு எட்டுப் பிளக்குகளையும் கழற்றி, பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்க்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள். மிளகுத்தூள் தூவியதுபோல் கருப்புப் புள்ளிகளோ, வெள்ளி மணல்போல் மின்னும் துகள்களோ இருந்தால் நாக்கிங் தொடங்கிவிட்டது. மின்னுபவை பிஸ்டனிலிருந்து உதிர்ந்த அலுமினியம். ஒரே ஒரு பிளக்கில் மட்டும் தெரிந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எட்டிலும் தெரிந்தால் டைமிங்கை இரண்டு பாகை பின்னே இழுத்து, புதுப் பிளக் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.